‘டோர் டெலிவரி’ என்றால் யார் பொறுப்பு? வெளிநாட்டிலிருந்து சர்வர் ராக் தருவிப்போருக்கு ஓர் அடிப்படை விளக்கம்

வெளிநாட்டிலிருந்து சர்வர், நெட்வொர்க் சுவிட்ச், சோதனைக்கூடக் கருவி என முதல்முறையாகத் தருவிக்கும் நிறுவனங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: “டோர் டெலிவரிதான் பேசியிருக்கோம், எல்லாம் அவங்க பொறுப்பு.” இதில் ‘அவங்க’ யார், ‘எல்லாம்’ என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. சரக்கு விமான நிலையக் கிடங்கில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வியே எழும். அதற்குள் நாள் வாடகை ஓடத் தொடங்கியிருக்கும்.

புரிந்துகொள்ள வசதியாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து சென்னை சிறுசேரியிலுள்ள டேட்டா சென்டருக்கு, சர்வர்கள் பொருத்திய ராக் ஒன்று வர வேண்டும். ராக் என்பது சர்வர்களை அடுக்கித் திருகி வைக்கும் இரும்பு அலமாரி. அதன் உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்வார்கள். ஒரு யு 44.45 மி.மீ. நம்முடையது 42 யு ராக். வெளி உயரம் சுமார் 2 மீட்டர், அகலம் 60 செ.மீ., ஆழம் 120 செ.மீ., நிறைத்த எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

பீரோ மாடிப்படி திரும்புமா?

வீடு மாற்றுகிறவர்கள் லாரி வாடகை பேசுவதற்கு முன்பே பீரோ மாடிப்படி வளைவில் திரும்புமா என்று பார்த்துவிடுவார்கள். பல கோடி ரூபாய்க் கருவிகளை வாங்கும்போது ஏனோ இந்தப் புத்தி வேலை செய்வதில்லை. விலை, கட்டணம், தேதி எல்லாம் முடிவான பிறகுதான் உயரத்தைக் கேட்கிறார்கள்.

ராக்கை அப்படியே ஏற்றி அனுப்ப முடியாது. அதிர்வு தாங்கும் நுரை வைத்த பேலட் (ஃபோர்க்லிஃப்டின் முள் நுழைய இடம்விட்ட அடித்தட்டு) மீது நிறுத்தி, சுற்றிலும் பலகைப் பெட்டி அடைக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் தொழிலில் கிரேட் என்பார்கள். இப்போது அளவு 140 × 90 × 230 செ.மீ. ஆகிவிடும்.

பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் சரக்கு வைக்கும் அறையின் உயரம், பெரிய விமானங்களிலும்கூட 160 செ.மீ. அளவுதான். ஆகவே நம் கிரேட் அதில் நிற்காது. படுக்க வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ராக்கினுள் சர்வர்களைத் தாங்கும் தண்டவாளங்கள் மேலிருந்து கீழே இறங்கும் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை. படுக்க வைத்தால் ஒவ்வொரு சர்வரின் எடையும் முன்பக்கத் திருகுகளிலும் காதுகளிலும் (சர்வரை ராக்கோடு திருகும் பக்கத் தகடுகள்) தொங்கும். தண்டவாளம் வளையும், உள்ளே கனமான ஜி.பி.யு. கார்டுகள் செருகியிருக்கும் இடத்தில் விரிசல் விழும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால், படுக்க வைத்த அன்றே வாரண்டியும் கேள்விக்குள்ளாகிவிடும்.

எஞ்சியிருப்பது சரக்குக்கென்றே பறக்கும் ஃப்ரெய்ட்டர் விமானம். போயிங் 777 ஃப்ரெய்ட்டரின் மேல்தளத்தில் சுமார் 3 மீட்டர் உயரம் வரை ஏற்றலாம். ஆனால் ஃப்ரெய்ட்டர்கள் பயணிகள் விமானத்தைப் போல நாளுக்குப் பலமுறை வருவதில்லை; கட்டணமும் வேறு. “ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து இந்தியாவுக்குத் தினமும் விமானம் இருக்கே” என்ற கணக்கு இங்கே செல்லாது.

கப்பலுக்கும் இதே சோதனை உண்டு. சாதாரண கன்டெய்னரின் கதவு உயரம் ஏறக்குறைய 2.28 மீட்டர். நம் கிரேட் 2.30. இரண்டே செ.மீ.தான் கூடுதல், ஆனாலும் உள்ளே போகாது. ஹை-கியூப் எனப்படும் உயரக் கன்டெய்னரின் கதவு 2.58 மீட்டர். அதை முன்பே சொல்லி எடுக்க வேண்டும்.

அளவெடுப்பதை ராக் கடைசியில் நிற்கப்போகும் அறையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது நல்லது. அறைக் கதவின் உயரம், தாழ்வாரத் திருப்பம், லிஃப்டின் உள்ளளவு, லிஃப்ட் தாங்கும் எடை, சரிவுப் பாதை, லாரி நிற்குமிடம் எனப் பின்னோக்கிப் போனால் எங்கே முட்டும் என்று தெரிந்துவிடும். தரையையும் கேளுங்கள். 700 கிலோ ராக் நான்கு சக்கரங்களில் உருளும்போது, சக்கரத்துக்கு 175 கிலோ வீதம் ஒரு நாணயம் அளவு இடத்தில் அழுத்துகிறது. தூக்கிக் கட்டிய தளத்தின் ஓடுகள் அதில் உடையும். கனமான பிளைவுட் அல்லது இரும்புத் தகடு விரித்து உருட்ட வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: பயணத்தைத் தீர்மானிக்கும் முதல் எண் தூரமோ கட்டணமோ அல்ல, கிரேட்டின் உயரம். அதைக் கேட்காமல் தரப்படும் எந்த விலைப்புள்ளியையும் நம்ப வேண்டாம்.

பஞ்சு மூட்டைக்கும் இரும்புக்கும் ஒரே வண்டி

குட்டி யானை வண்டியில் பஞ்சு மூட்டை ஏற்றினால் எடை குறைவு, ஆனால் வண்டி நிறைந்துவிடும். வண்டிக்காரர் எடைக்கு மட்டும் வாடகை வாங்கினால் அவருக்குக் கட்டாது. விமான நிறுவனங்களும் அப்படித்தான். பெட்டியின் கன அளவை எடையாக மாற்றி, உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். இப்படிக் கணக்கிட்ட எடைக்குப் பரும எடை என்று பெயர். விமானச் சரக்கில் நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 6000 என்பது வழக்கமான சூத்திரம். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கும், அதனால் அங்கே எண் இன்னும் ஏறும்.

நம் கிரேட்டுக்கு: 140 × 90 × 230 ÷ 6000 = 483 கிலோ. உண்மை எடை 700, ஆகவே 700-க்குக் கட்டணம். இதே ராக் சர்வர் இல்லாமல் வெறும் அலமாரியாக, 180 கிலோ எடையில் வந்தால்? அப்போதும் 483 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். 300 கிலோ காற்றுக்கு விமானக் கட்டணம் கொடுப்பது போல. அதனால்தான் வெற்று ராக்குகளை உள்ளூரில் வாங்கிக்கொண்டு, சர்வர்களை மட்டும் அவற்றின் சொந்த அட்டைப் பெட்டியில் விமானத்தில் வரவழைப்பது பல நேரங்களில் சிக்கனம். கேபிள்களெல்லாம் கோத்து, ஆலையிலேயே சோதித்து அனுப்பும் ராக்குக்கு மட்டும் இந்த யோசனை ஒத்துவராது.

கப்பலில் பங்குக் கன்டெய்னர், தனிக் கன்டெய்னர் என்று இரண்டு உண்டு. ஷேர் ஆட்டோவும் தனி ஆட்டோவும் போல. பங்கில் போனால் உங்கள் கிரேட்டைப் பலமுறை இறக்கி ஏற்றுவார்கள், பக்கத்தில் என்ன சரக்கு வரும் என்று தெரியாது. ராக்குக்குப் பங்குக் கன்டெய்னரில் மிச்சம் பிடிப்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சென்னைக்கு வரும் கன்டெய்னர்களில் பல கொழும்பில் கப்பல் மாறித்தான் வருகின்றன. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஐரோப்பியப் பாதையை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வழியாகத் திருப்பின. அதனால் பயணத்துக்கு 10 முதல் 14 நாட்கள் கூடின.

செலவு, ஆபத்து, சட்டப் பொறுப்பு

அதிகம் குழப்பிக்கொள்ளப்படும் இடம் இதுதான். கடையில் ஒரு கிரைண்டர் வாங்குகிறீர்கள். கடைக்காரர், “வண்டி வாடகை நான் கொடுத்துடறேன்” என்கிறார். வழியில் வண்டி கவிழ்ந்து கல் உடைந்துவிடுகிறது. நஷ்டம் யாருக்கு? வாடகை கொடுத்தவருக்குத்தான் என்று சட்டென்று தோன்றும். ஆனால் பேச்சு அதுவல்ல. ‘கடை வாசலில் ஏற்றியதும் பொருள் உங்களுடையது’ என்று பேசியிருந்தால், வாடகையை யார் கொடுத்தாலும் உடைந்த கல் உங்களுடையது.

பன்னாட்டுச் சரக்கிலும் இப்படியே. பயணச் செலவை யார் கொடுக்கிறார் என்பது ஒன்று. வழியில் சேதமானால் யார் நஷ்டம் என்பது இன்னொன்று. இறங்கும் நாட்டின் சுங்கத்துறை யாரைப் பிடித்துக் கேட்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கைமாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘டோர் டெலிவரி’ என்ற பேச்சுவழக்குச் சொல் முதல் ஒன்றை மட்டுமே ஓரளவு சொல்கிறது. மற்ற இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றையும் பிரித்துச் சொல்லத்தான் இன்கோடெர்ம்ஸ் இருக்கிறது. பாரிஸில் இயங்கும் சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட விற்பனை விதிச்சொற்கள் இவை. இப்போது நடப்பிலுள்ள 2020 பதிப்பில் 11 விதிகள். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். தொடக்கக்காரருக்கு ஐந்தாறு தெரிந்தால் போதும்.

இ.எக்ஸ்.டபிள்யூ.: விற்பவர் தன் கிடங்கில் பொருளை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். லாரியில் ஏற்றுவதும், நெதர்லாந்தின் ஏற்றுமதி நடைமுறையை முடிப்பதும் உங்கள் தலையில். விலைப்பட்டியலில் இதுதான் மலிவாகத் தெரியும். புதியவர்கள் விழும் குழியும் இதுதான். அந்த நாட்டில் அலுவலகம் இல்லாத நீங்கள் எப்படி ஏற்றுமதி அறிவிப்பு தாக்கல் செய்வீர்கள்?

எஃப்.சி.ஏ.: விற்பவர் ஏற்றுமதி நடைமுறையை முடித்து, நீங்கள் சொல்லும் போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து செலவும் ஆபத்தும் உங்களுடையவை. விமானத்துக்கும் கன்டெய்னருக்கும் பொருந்தும் ஒழுங்கான விதி.

சி.ஐ.பி.: விற்பவர் சென்னை வரை கட்டணமும் காப்பீடும் கட்டுவார். ஆனால் ஆபத்து முதல் போக்குவரத்தாளரிடம் கொடுத்த கணமே உங்களுக்கு மாறிவிடும். கிரைண்டர் உதாரணம் அப்படியே இதுதான்.

டி.ஏ.பி.: சிறுசேரி வாசலில், லாரியிலிருந்து இறக்கத் தயாரான நிலை வரை செலவும் ஆபத்தும் விற்பவருக்கு. இறக்குமதி வரியும் சுங்க நடைமுறையும் உங்களுக்கு. இறக்கும் வேலையும் உங்களுடையதே. இறக்கித் தருவதும் அவர் வேலையாக வேண்டுமானால் டி.பி.யு. என்று எழுத வேண்டும்.

டி.டி.பி.: வரி உட்பட எல்லாம் விற்பவருக்கு. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

எஃப்.ஓ.பி. எங்கே என்று கேட்பீர்கள். நம் ஊர் வணிகத்தில் அதிகம் புழங்குவதும் தவறாகப் புழங்குவதும் அந்தச் சொல்தான். அது கப்பலின் மேல் சரக்கு ஏறிய கணத்தில் ஆபத்தை மாற்றும் விதி. ‘எஃப்.ஓ.பி. ஸ்கிபோல் விமான நிலையம்’ என்று எழுதினால் அதில் கப்பலே இல்லை. கன்டெய்னருக்கும் பொருந்தாது, கன்டெய்னர் கப்பலேறுவதற்குச் சில நாட்கள் முன்பே துறைமுக முற்றத்தில் ஒப்படைக்கப்படுகிறது, அந்த நாட்களில் சேதமானால் யார் பொறுப்பு என்று தகராறுதான் மிஞ்சும். எஃப்.சி.ஏ. என்று எழுதுங்கள்.

மூன்றெழுத்தை மட்டும் எழுதுவதும் போதாது. இடத்தையும் பதிப்பையும் சேர்த்து எழுத வேண்டும். ‘டி.ஏ.பி. சென்னை’ என்றால் மீனம்பாக்கம் விமான நிலையமா, சிறுசேரி வாசலா? இரண்டுக்கும் இடையில் ஒரு லாரி வாடகையும் ஒரு விபத்து வாய்ப்பும் இருக்கின்றன.

சுருக்கமாக: காசு கொடுத்தவர் ஒருவராகவும், நஷ்டம் ஏற்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள மூன்றெழுத்தும் இடப்பெயரும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

டி.டி.பி. என்னும் இனிப்பு

‘வரியும் சேர்த்து வாசலுக்கே’ என்பது கேட்க இனிமையானது. இந்தியாவில் இதை நிறைவேற்ற, இறக்குமதியாளராகப் பதிவு பெற்ற ஒருவர் வேண்டும். சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்துக்கு பில் ஆஃப் என்ட்ரி என்று பெயர். அதில் இறக்குமதியாளராகப் பெயர் இருப்பவரைத்தான் சட்டம் கேள்வி கேட்கும். அந்தப் பெயருக்கு அயல்நாட்டு வாணிபத் தலைமை இயக்ககம் (டி.ஜி.எஃப்.டி.) தரும் ஐ.இ.சி. எண்ணும் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். இங்கே நிறுவனமோ கிளையோ இல்லாத நெதர்லாந்து விற்பனையாளரிடம் இரண்டும் இருக்காது.

அப்போது அவர் மூன்றாவது நிறுவனம் ஒன்றை அமர்த்தி, அதன் பெயரில் இறக்குமதி செய்வார். அந்த நிறுவனத்தைத் தொழிலில் ‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்ட்’ என்பார்கள். இது முறையான சேவைதான். ஆனால் விளைவைப் புரிந்துகொண்டு ஏற்க வேண்டும். சர்வருக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை, ஆனால் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் பொருந்தும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) 18% உண்டு. நீங்களே இறக்குமதியாளராக இருந்தால் அந்த 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பில் ஆஃப் என்ட்ரியில் இன்னொருவர் பெயர் இருந்தால், அந்த வரவு அவருடையது. அவர் உங்களுக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டு விற்றால்தான் உங்கள் கணக்குக்கு வரும். ஒரு கோடி ரூபாய் ராக்கில் 18 லட்சம் ரூபாய் இப்படி வழியில் தொலைந்துபோகக்கூடும்.

ஐ.இ.சி. வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நாங்கள் சொல்வது: டி.ஏ.பி. பேசி, இறக்குமதியை உங்கள் பெயரிலேயே செய்யுங்கள்.

“இன்சூரன்ஸ் இருக்குல்ல?”

இரண்டு விஷயங்கள் இங்கே ஒன்றாகப் பார்க்கப்படுகின்றன. போக்குவரத்தாளரின் பொறுப்பு வேறு, சரக்குக் காப்பீடு வேறு.

விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்று அதிகம்). 30 கிலோ எடையுள்ள சர்வர் முற்றிலும் நொறுங்கினால் 780 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். சர்வரின் விலை 20 லட்சமாக இருந்தாலும் இதே தொகைதான். எடைக்கு ஈடு தரும் விதி இது, நிலக்கரிக்கும் ஜி.பி.யு.வுக்கும் கிலோ ஒன்றுதான். ஆகவே “விமானக் கம்பெனி ஈடு தரும்” என்பது பதிலாகாது.

சரக்குக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் ஏ, பி, சி என்று மூன்று வகை ஷரத்துகள். ‘சி’ என்பது தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெருவிபத்துகளுக்கு மட்டும். ஃபோர்க்லிஃப்டிலிருந்து கிரேட் விழுந்தால் ‘சி’-யில் ஒரு ரூபாய்கூட வராது. ‘ஏ’ என்பது விலக்குகள் நீங்கலாக எல்லா ஆபத்துக்கும். இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி சி.ஐ.பி.யில் விற்பவர் எடுக்க வேண்டியது ‘ஏ’, கப்பல் சரக்குக்கான இதேபோன்ற விதியான சி.ஐ.எஃப்.பில் ‘சி’ போதும். ஓர் எழுத்து மாறுவதால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். தொகை, ஒப்பந்த விலையில் குறைந்தது 110% இருக்க வேண்டும்.

‘ஏ’ எடுத்தாலும் கிடைக்காதவை உண்டு: போதிய பேக்கிங் இல்லாததால் வந்த சேதம், தாமதத்தால் வந்த நஷ்டம். கருவிகளுக்கான பாலிசிகளில், வெளியே அடிபட்ட தடயம் இல்லாத மின்கோளாறையும் விலக்கி எழுதுவது வழக்கம். பாலிசி கையில் வந்ததும் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கப்பல் சரக்குக்குக் காப்பீடு எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. மீட்புச் செலவை, கப்பல் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்துப் பங்கிட்டார். எல்லாரையும் காப்பாற்றச் செய்த செலவில் எல்லாச் சரக்குக்காரரும் தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கு தர வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் அது. ஒரு கீறல்கூட விழாத கன்டெய்னரின் சொந்தக்காரரும் உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டாளர் கொடுத்துவிடுவார்.

வியர்க்கும் பெட்டி

குளிர்பதன அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்ததும் கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? குளிர்ந்த பொருள்மேல் ஈரக் காற்று பட்டால் நீர் படியும். விமானத்தில் பல மணி நேரம் குளிர்ந்த சர்வர், நம் கடற்கரைக் காற்றில் திறக்கப்பட்டால் சர்க்யூட் பலகைமேல் அதேதான் நடக்கும். கடற்பயணத்தில் கன்டெய்னரின் கூரையே வியர்த்து உள்ளே சொட்டும்.

இதற்குச் செய்வது: ராக்கை அலுமினியப் படலப் பையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டிவிடுவார்கள். இங்கே வந்ததும் அந்தப் பையைப் பிரிக்காமல், ராக் இயங்கப்போகும் சூழலிலேயே ஒரு நாள், 24 மணி நேரம், வைத்திருக்க வேண்டும். பிறகே பிரிக்கலாம், அதன் பின்பே மின்சாரம். அவசரம் என்று இந்த ஒரு நாளைத் தின்றுவிடுபவர்கள்தான் “வந்தவுடனே செத்துப்போச்சு” என்கிறார்கள்.

கிரேட் மரத்துக்கும் விதி உண்டு. பூச்சிகள் நாடு தாண்டாமலிருக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற தரவிதிப்படி, பேக்கிங் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்த மரத்தில் கோதுமைக் கதிர் சின்னமும் நாட்டுக் குறியீடும் முத்திரையாக இருக்கும். முத்திரை இல்லாவிட்டால், உள்ளே இருப்பது எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் கிரேட் நின்றுவிடும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆனால் பிளைவுட் பெட்டியின் அடியில் சாதாரண மரக்கட்டை அடித்திருந்தால் அந்தக் கட்டைக்கு முத்திரை வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் அது.

கிரேட்டின் வெளிப்புறத்தில் ஒட்டும் அதிர்வுக் காட்டி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி விழுந்தால் சிவப்பாக மாறும். சாய்வுக் காட்டி, கிரேட் சாய்க்கப்பட்டதைச் சொல்லும்.

பேட்டரி: பெட்டி மாறினால் எண்ணும் மாறும்

லித்தியம் பேட்டரி விமானத்தில் ஆபத்துச் சரக்கு. லித்தியம் அயான் பேட்டரி கருவியோடு அல்லது கருவிக்குள் இருந்தால் அதன் ஐ.நா. ஆபத்துச் சரக்கு எண் யு.என். 3481, பேட்டரி மட்டும் தனியாகப் பெட்டியில் இருந்தால் யு.என். 3480. பின்னது பயணிகள் விமானத்தில் ஏறவே கூடாது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. எடை குறைக்கலாம் என்று யு.பி.எஸ்.ஸிலிருந்து பேட்டரி மாட்யூலைக் கழற்றித் தனிப் பெட்டியில் போடுபவர், தெரியாமலே கடினமான விதிக்குள் சரக்கைத் தள்ளிவிடுகிறார். பேட்டரிக்கான யு.என். 38.3 பாதுகாப்புச் சோதனைச் சுருக்கத்தை ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தில் ஒரு ராக்

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்பவருக்கு ஃபார்வர்டர் என்று பெயர். கல்யாணக் காண்ட்ராக்டர் மாதிரி. விமானமும் லாரியும் அவருடையவை அல்ல, ஒருங்கிணைப்பு அவருடையது. சுங்கத்தில் உங்கள் சார்பாகப் படிவம் தாக்கல் செய்பவர் கஸ்டம்ஸ் புரோக்கர். பழக்கத்தில் இன்னும் சி.எச்.ஏ. (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்) என்றே சொல்கிறோம். இருவரும் நீங்கள் கொடுக்கும் தகவலை வைத்துத்தான் வேலை செய்ய முடியும்.

இன்வாய்ஸில் ‘ஐ.டி. உபகரணங்கள் – 1 செட்’ என்று ஒரே வரியில் எழுதினால் பிரச்சினையை நீங்களே அழைக்கிறீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு உண்டு. உலக சுங்க அமைப்பு வகுத்த ஆறிலக்க எண் அது. இந்தியா எட்டு இலக்கமாக விரித்துப் பயன்படுத்துகிறது. சர்வர் 8471, சுவிட்சும் ரவுட்டரும் 8517, யு.பி.எஸ். 8504, கேபிள் 8544 தலைப்புகளில் வரும். வரி விகிதமும் உரிமத் தேவையும் இந்த எண்ணைப் பிடித்துத்தான் வருகின்றன. 8517-இன் சில உட்பிரிவுகளுக்குச் சுங்க வரி உண்டு. ஆகவே பொருள்வாரியாக, மாடல் எண், வரிசை எண், பிறந்த நாடு, விலை ஆகியவற்றுடன் தனித்தனி வரி எழுத வேண்டும். பேக்கிங் லிஸ்டும் அதே வரிசையில் இருக்கட்டும்.

இலவசமாக வரும் உதிரிக்கு ‘விலை 0’ என்று எழுதுவது இன்னொரு பழக்கம். இலவசமானாலும் மதிப்பு உண்டு. அதைக் காட்டியே ஆக வேண்டும்.

உரிமங்களை வாங்கும் முன்பே பாருங்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று டி.ஜி.எஃப்.டி. வெளியிட்ட அறிவிப்பு, லேப்டாப்புகளோடு 8471-இல் வரும் சர்வர்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் இணையவழி இறக்குமதி அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. இதன் நிபந்தனைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், ஆர்டர் போடும் வாரத்தில் நடப்பு அறிவிப்பைப் படிக்க வேண்டும். இது தவிர, மின்னணுப் பொருட்களுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவும், வயர்லெஸ் வசதி உள்ளவற்றுக்கு டபிள்யூ.பி.சி. (தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு) ஒப்புதலும் தேவைப்படலாம். சரக்கு இறங்கிய பிறகு இவற்றுக்கு விண்ணப்பித்தால் முடியும்வரை சரக்கு கிடங்கில்தான் இருக்கும்.

அனுப்பும் நாட்டுக்கும் அதன் கவலை உண்டு. வலுவான குறியாக்கம் உள்ள கருவி, உயர்திறன் ஜி.பி.யு. போன்றவை ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை என்பதால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கும். யார், எங்கே, எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று இறுதிப் பயனாளர் உறுதிமொழி கேட்பார்கள். பெயரிலும் முகவரியிலும் ஓர் எழுத்து மாறாமல் கொடுங்கள். பழுதான பலகையை இங்கிருந்து திருப்பி அனுப்பும்போதும் இதேபோன்ற பொருட்களுக்கான இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டைப் பார்த்தாக வேண்டும்.

பில் ஆஃப் என்ட்ரியைச் சரக்கு வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். காலம் கடந்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். இதோடு இரண்டு வாடகைகள் தனியாக ஓடும். கிடங்கில் இலவச நாள் தாண்டி இருந்தால் டெமரேஜ். கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னரை எடுத்துப்போய் நேரத்துக்குத் திருப்பாவிட்டால் டிடென்ஷன். முன்னது மண்டபத்தைக் காலி செய்யாததற்கு, பின்னது வாடகைப் பாத்திரத்தைத் திருப்பாததற்கு.

இந்தப் பகுதியின் சாரம்: ராக் புறப்படும் முன்பே அதன் முழு விவரமும் காகிதத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். காகிதமும் கிரேட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் நிற்பது கிரேட்தான்.

வாசலில் கையெழுத்துப் போடும் முன்

லாரி சிறுசேரி வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் அவசரத்தில் இருப்பார், டெலிவரி ரசீதை நீட்டுவார். அந்த நிமிடத்தில்தான் ஈட்டுக் கோரிக்கையின் தலையெழுத்து எழுதப்படுகிறது.

முதலில் கிரேட்டின் நான்கு பக்கத்தையும் படம் எடுங்கள். அதிர்வுக் காட்டி சிவப்பாக இருக்கிறதா, சாய்வுக் காட்டி மாறியிருக்கிறதா, பலகை உடைந்திருக்கிறதா, ஆணி புதிதாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காட்டி சிவந்துவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. சிவப்பு என்பது சேதத்துக்குச் சான்றல்ல, அடி விழுந்ததற்கான சான்று. ரசீதிலேயே ‘அதிர்வுக் காட்டி சிவப்பு, இடது கீழ் மூலை உடைப்பு’ என்று எழுதி, டிரைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு இறக்குங்கள். குறிப்பு ஏதும் இல்லாமல் கையெழுத்திட்டால், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

கிரேட்டைத் தாழ்வாரத்துக்கு வெளியிலேயே பிரிக்க வேண்டும், 2.30 மீட்டர் உயரம் எந்தச் சாதாரணக் கதவிலும் நுழையாது. மழைக்காலமானால் கூரையுள்ள இடம் தேவை. பலகைகளை யார் அள்ளிப் போவது என்பதையும் முன்பே பேசியிருக்க வேண்டும். ‘டெலிவரி’ என்பது பெரும்பாலும் லாரியின் பின்பக்கத்தோடு முடிந்துவிடும். உள்ளே கொண்டுபோய் நிறுத்துவது, பிரிப்பது, குப்பை அகற்றுவது எல்லாம் தனிச் சேவை, தனிக் கட்டணம். 700 கிலோவை இறக்க ஹைட்ராலிக் டெயில் லிஃப்ட் (பின்பக்கம் ஏறி இறங்கும் தட்டு) உள்ள லாரி வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக நாட்காட்டி. விமானச் சரக்கில் சேதம் இருந்தால், பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் போக்குவரத்தாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடல் சரக்கில் வெளியே தெரியாத சேதத்துக்கு அந்த அவகாசம் வழக்கமாக மூன்றே நாள். அறை தயாராகவில்லை, குளிர்பதனம் வரவில்லை என்று கிரேட்டை மூடியபடியே ஒரு மாதம் ஓரமாக வைத்திருந்தால், உள்ளே உடைந்திருப்பது தெரியும்போது கெடு முடிந்திருக்கும். ஆகவே கிரேட் வந்ததும் 24 மணி நேரம் பொறுத்து, பையைப் பிரித்து, ஒவ்வொரு சர்வரின் வரிசை எண்ணையும் பேக்கிங் லிஸ்டோடு சரிபார்த்து, தற்காலிக மின்சாரத்திலாவது ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அறை தயாராகாவிட்டாலும் இந்தச் சோதனையை அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.